மிஸ்ஸிங்கும் செக் இன்ஜின் லைட்டும்: டாங்கிளா, பட்டறையா, சர்வீஸ் சென்டரா?

ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விட்டுப்போவதுதான் மிஸ்ஸிங். சிக்னலில் நின்றால் வண்டி நடுங்குகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பிக்கப் இல்லை. மீட்டரில் மஞ்சளாக இன்ஜின் படம் எரிகிறது. பெட்ரோல் காரில் இப்படி வந்தால் முதலில் எங்கே காட்டுவது?

அதற்கு முன்னால் ஒன்று. லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் போய்விடலாம். விட்டு விட்டு மின்னினால் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வர்ட்டருக்குள் எரியும்; சூட்டில் அது உருகிவிடும். பிளக்கில் பொறி விழ மின்சாரம் தரும் காயிலை மாற்றுகிற செலவோடு முடிய வேண்டியது பல மடங்காகும்.

காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் புளூடூத் டாங்கிள் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, போனில் ஆப்பைத் திறந்தால் கோடு (கோளாறைக் குறிக்கும் எண், code) வந்துவிடும். பிஎஸ்-4 புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு 2013 ஏப்ரலிலிருந்து ஓபிடி-2 (வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் முறை) கட்டாயம் என்பதால் அதற்குப் பிந்தைய வண்டிகளில் கவலையே இல்லை. பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். பிளக்கா, காயிலா, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரா என்று அது சொல்லாது. பலரும் ஏமாறுவது இங்கேதான். பி0171 வந்ததும் ஆக்ஸிஜன் சென்சரை மாற்றுகிறார்கள். பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று தகவல் சொன்னதே அந்த சென்சர்தான். கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சர் உள்ள வண்டியில் ஃப்யூல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐடிலிங்கில் 20 சதவீதம் ஏறி, 2500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது என்று சந்தேகப்படலாம். ரப்பர் ஹோஸ்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டாங்கிள் நிற்கும் இடத்தில் நல்ல பட்டறை மெக்கானிக் தொடங்குவார். இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டாவது சிலிண்டர் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாட்டுவார். கோடை அழித்துவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார். இப்போது பி0303 வந்தால் காயில்தான் போயிருக்கிறது. பி0302-வே திரும்பி வந்தால் அடுத்து பிளக், அப்புறம் இன்ஜெக்டர், கடைசியாக கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம்). ஒரு பார்ட்கூட வாங்காமல் பாதி விடை கிடைத்துவிடுகிறது. கழற்றிய பிளக்கும் பேசும்: பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி விழவில்லை, அது மட்டும் உலர்ந்திருந்தால் இன்ஜெக்டர் மேல் சந்தேகம், பிளக் குழியில் ஆயில் நின்றால் மேலே கவர் பக்கம் சீல் கசிகிறது. ஆனால் எல்லாப் பட்டறையிலும் இந்தப் பொறுமை இருக்காது. வந்ததும் கோடை அழித்துவிட்டு, "த்ராட்டில் பாடி கிளீன் பண்ணிடலாம்" என்பார்கள். கோடை அழித்தால் கோளாறு வந்த நேரத்து ஆர்பிஎம், இன்ஜின் சூடு எல்லாம் சேர்ந்து அழிந்துவிடும். அதனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே சாவியைக் கொடுங்கள்.

சர்வீஸ் சென்டரின் பலம் கம்பெனி ஸ்கேனர். இன்ஜெக்டரை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம், சாஃப்ட்வேர் அப்டேட் போடலாம், சரியான சாவி இல்லாமல் வண்டியைக் கிளம்ப விடாத இம்மொபிலைசரின் கோளாறையும் பார்க்கலாம். வாரண்டி இருந்தால் வேறு எங்கும் போகவே வேண்டாம். வாரண்டி முடிந்த வண்டிக்குச் சந்தேகத்தின் பேரிலேயே பார்ட்டுகளைச் செட்டாக மாற்றிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. எஸ்டிமேட்டைப் பார்த்த பிறகே சரி சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், வாரண்டி முடிந்த பெட்ரோல் வண்டிக்கு டாங்கிளும் பட்டறையும் சேர்ந்தால்தான் சரி. தனித்தனியாக இரண்டுமே அரைகுறை. காயில், பிளக், இன்ஜெக்டர் எல்லாம் இடம் மாற்றியும் கோடு அதே சிலிண்டரில் நின்று, கம்ப்ரஷனும் சரியாக இருந்தால், அப்போது சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். எங்கே போனாலும், "அண்ணே, இந்த பார்ட்டுதான் போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேளுங்கள். சோதித்துப் பார்த்தவர் பொறுமையாகச் சொல்வார்.

டீசல் வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் ஸ்பார்க் பிளக்கும் காயிலும் கிடையாது. எந்த இன்ஜெக்டர் டீசலை அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது என்று ரிட்டர்ன் அளந்து பார்க்க வேண்டும். அதற்கு டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை மட்டும் பார்க்கும் கடைக்கே நேராகப் போய்விடலாம்.