பம்பும் ஸ்பேசரும் நெல்லைக் காற்றும்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

இரைப்புக்கு (ஆஸ்துமாவுக்கு) எழுதிய மருந்துச்சீட்டில் நாலு சாமான் இருந்தால், கடையில் முதலில் வெட்டுப்படுவது, பம்புக்கும் (இன்ஹேலருக்கும்) வாய்க்கும் நடுவே மாட்டுகிற ஸ்பேசர்தான். "வெறும் பிளாஸ்டிக் குடுவைதானே!" நாள்பட்டுப் பார்த்தால் அதிகம் உழைப்பது அந்தக் குடுவைதான்.

பம்பை நேரே வாயில் வைத்து அழுத்தினால், மருந்து பாய்கிற வேகத்தில் பெரும்பங்கு நாக்கிலும் தொண்டையிலும் அடித்து நின்றுவிடும். ஸ்பேசருக்குள் அந்த வேகம் தணிகிறது. பெருந்துளி சுவரில் தங்கிவிட, நுண்துளி மூச்சோடு உள்ளே போகும். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடந்தாக வேண்டும் என்ற அவஸ்தையும் இல்லை.

பம்பைக் குலுக்கிச் செருகி, மூச்சை வெளியே விட்டு, உதட்டால் இறுகக் கவ்வி, ஒரே ஒரு அழுத்து. மெதுவாக இழுத்து 10 நொடி அடக்க வேண்டும். அடக்க முடியாதவர்கள் குடுவைக்குள்ளேயே 5, 6 தடவை சாதாரணமாக மூச்சு வாங்கி விட்டால் போதும். அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி, அடுத்த அழுத்து. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுவரிலேயே படிந்துவிடும். மருந்துதான் நஷ்டம்.

ஸ்பேசரின் குறை, கழுவும் முறையில் இருக்கிறது. சாதா பிளாஸ்டிக்கை உள்ளே துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, மருந்தைச் சுவரே இழுத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் முக்கியெடுத்து, தேய்க்காமல், துடைக்காமல் காயவைக்க வேண்டும். வாங்கின அன்றும் அப்படித்தான். ஆடி மாதத்தில் தட்டட்டியில் (மொட்டைமாடியில்) காயவைக்கிற வேலை மட்டும் வேண்டாம். திசையன்விளைப் பக்கம் என்றால் சாயங்காலத்துக்குள் குடுவைக்குள் செம்மண் சேர்ந்திருக்கும். வால்வு விறைத்தாலோ கீறல் விட்டாலோ புதிதுதான்.

கேப்சூலில் இருக்கும் மருந்துப் பொடியை வாயால் இழுக்கிற கேப்சூல் மிஷினுக்கு எல்லாம் தலைகீழ். பம்பை மெதுவாக இழுக்க வேண்டும். பொடியை வேகமாக, ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். இரைப்பு முற்றிய நேரத்தில் அந்த வேகம் வராது என்பதால் அவசரத்துக்குப் பம்பும் ஸ்பேசருமே நம்பகம். தென்காசிப் பக்கத்துச் சாரல் நாட்களில் பொடி ஈரம் கோத்துக் கட்டிவிடும். இழுக்கும்போதுதான் கேப்சூலை அட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். மிஷினுக்குள் ஊதவும் கூடாது. கேப்சூலைத் தண்ணீர் விட்டு விழுங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பம்பில் மருந்து தீர்ந்த பிறகும் புஸ்ஸென்று வாயு வரும். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது சரியான கணக்கு அல்ல. மிச்ச அழுத்தைக் காட்டும் எண்ணி இல்லாத பம்பு என்றால் காலண்டரில் குறியுங்கள்: 120 அழுத்துப் பம்பு, காலை 2 இரவு 2 என்றால் 30 நாள். கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுவைக்கக் கூடாது. மூடி முக்கியம், பையில் திறந்து கிடந்த பம்புக்குள் சில்லறைக் காசு புகுந்து, இழுக்கும்போது தொண்டைக்குப் போவதும் உண்டு.

நிறத்தை நம்பாமல் பெயரைப் படியுங்கள். சால்பூட்டமால், பெரும்பாலும் நீலம், சில நிமிடத்தில் மூச்சுத்திணறலை அடக்கும். மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் வீக்கத்தைத் தொடாது. 200 அழுத்துள்ள நீலப் பம்பு வருடத்துக்கு 3 தீர்கிறது என்றால் நோய் கட்டுக்குள் இல்லை. வீக்கத்தைக் குறைப்பது புடசோனைடு போன்ற தினசரி மருந்து. "ஸ்டீராய்டாச்சே" என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: ஓர் இழுப்பு சுமார் 200 மைக்ரோகிராம், இரைப்பு முற்றி ஸ்டீராய்டு மாத்திரைக்குப் போனால் பெரியவர்களுக்கு நாளுக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம், பல நாளைக்கு. இழுத்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்பாவிட்டால் நாக்கில் வெள்ளைப் படலமும் குரல் கம்மலும் வரும்.

எல்லோரும் சறுக்குவது சாரல் ஓய்ந்ததும் தினசரி மருந்தையும் ஓயவிடுவதில்தான். இந்த ஊரில் ஆனி ஆடி மேல்காற்று போனால் கார் நெல் அறுப்புக் களத்துத் தூசி, அப்புறம் தீபாவளிப் புகை, மார்கழிப் பனி, பொங்கலுக்கு ஒட்டடையும் வெள்ளையடிப்பும், பிறகு பிசான நெல் அறுப்பு. தினசரி மருந்து முழுதாக வேலைகாட்ட வாரக்கணக்காகும். தூசி கிளம்பின பிறகு தொடங்கினால் பிந்திவிடும். குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் சொல்லித்தான்.

ஊதும் வேகத்தை அளக்கிற பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கினால் நின்றுகொண்டு மூன்று முறை ஊதி, பெரிய எண்ணை எழுதுங்கள். நல்ல நாளில் உங்கள் உச்சம் 400 என்றால் 320க்குக் கீழே எச்சரிக்கை, 200க்குக் கீழே ஆபத்து.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே 108. ஆளைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்து, நீலப் பம்பை ஸ்பேசரில், பெரியவர்களுக்கு 4 முதல் 10 அழுத்து வரை, ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். வண்டி வரத் தாமதமானால் 20 நிமிடம் கழித்து மறுபடி. மூச்சில் கேட்ட விசில் சத்தம் நின்றும் ஆள் திணறினால் அது குணம் இல்லை. காற்றே போகவில்லை என்று அர்த்தம்.