இலக்கிய நூலகத்துக்குத் தலைவர்: அறிஞரா, நிர்வாகியா?

அரிய நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் காக்கும் அமைப்புக்குத் தலைவர் தேடும் குழுக்கள் பெரும்பாலும் இங்கேதான் திணறுகின்றன.

நூல் தேர்வு
அறிஞர்: முதல் பதிப்பு எது, மறு அச்சு எது என்று தாளையும் எழுத்துருவையும் பார்த்தே பிரித்துவிடுவார். தன் துறைக்கு வெளியே உள்ளதை ஒதுக்கவும் கூடும்.
நிர்வாகி: வருவதையெல்லாம் வாங்குவார். அலமாரி நிரம்பும், பட்டியல் பின்தங்கும்.

நன்கொடை
அறிஞர்: எழுத்தாளர் குடும்பங்கள் நம்பிக் கொடுக்கும். ஆனால் வாய்ப்பேச்சோடு வாங்கிவிடுவார். பின்னாளில் வாரிசு வந்து திருப்பிக் கேட்டால் காட்ட ஒரு தாளும் இருக்காது.
நிர்வாகி: உடைமை மாறுகிறதா, பதிப்புரிமை யாருக்கு, ஸ்கேன் செய்து இணையத்தில் இடலாமா, இரட்டைப் படிகளை என்ன செய்வது என்ற நான்கையும் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே பெட்டியை உள்ளே விடுவார்.

பாதுகாப்பு
இதில் இருவருமே சறுக்குவார்கள். ஸ்கேனருக்குப் பணம் ஒதுக்கிவிட்டு ஈரப்பதமானியை மறப்பது வழக்கம். ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். புதிதாக வந்த பெட்டியைத் தனி அறையில் வைத்துப் பூச்சி பார்க்காமல் அடுக்கினால் பழைய தொகுப்பும் கெடும். நேர்காணலில் இவ்விரண்டையும் கேளுங்கள்.

தொகுப்பு இன்னும் சேர்ந்துகொண்டிருந்தால் அறிஞர். சேர்ந்தது பட்டியலிடப்படாமல் கிடந்தால் நிர்வாகி. ஒருவருக்குத்தான் சம்பளம் என்றால் நிர்வாகியை அமர்த்தி, தேர்வுக் குழுவை அறிஞரிடம் கொடுங்கள்: எதை வாங்குவது என்பது அவர் முடிவு, காசோலையில் கையெழுத்து நிர்வாகியுடையது.