விவேரியம் கண்ணாடிப் பூட்டு: பன்னிரண்டு வாங்கி ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விவேரியத்துக்கு, அதாவது பல்லி, பாம்பு வைக்கும் கண்ணாடி முகப்புப் பெட்டிக்கு, இந்தப் பூட்டை வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஆனால் பூட்டை மாட்டியாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருந்துவிட்டால் ஏமாந்துபோவீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் மிட்லண்ட்ஸ் பக்கம், பல்லி, பாம்பு, ஆமை விற்கும் ஒரு கடையில் சனி ஞாயிறு வேலை செய்கிறேன். கடையை நடத்துபவர் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர், முன்பு பலசரக்குக் கடை வைத்திருந்தவர். போன ஆண்டு ஒரு சனிக்கிழமை மதியம், கடை நிறைய ஆள் இருந்த நேரத்தில், ஒருவர் கல்லாவுக்கு வந்து உயிருள்ள வெட்டுக்கிளி எத்தனை அளவில் இருக்கிறது, எது எந்தப் பல்லிக்கு ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் தீனி வைக்கப் போனபோது, வாசலுக்குப் பக்கத்துக் கீழ்த்தட்டில் இருந்த லெபர்ட் கெக்கோ பெட்டியின் கண்ணாடி நான்கு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. உள்ளே பல்லி இல்லை, வால் மட்டும் டிஷ்யூ பேப்பர் மேல் கிடந்தது.

லெபர்ட் கெக்கோவைத் தெரியாதவன் அவசரமாகப் பிடித்தால் அது வாலை விட்டுவிடும். நம் வீட்டுப் பல்லிக்கும் அந்தக் குணம் உண்டு. ஆனால் இந்தப் பல்லி தன் கொழுப்பையெல்லாம் வாலில்தான் சேர்த்துவைக்கிறது, வால் போனால் சேமிப்பு முழுவதும் போன மாதிரி. அப்படிப்பட்ட நேரத்தில் அதற்குச் சுத்தமான இடமும் அடியில் 31, 32 டிகிரி சூடும் வேளைக்குச் சாப்பாடும் வேண்டும். அது போன இடமோ ஒரு ஜாக்கெட் பை. இருபது வருஷம்கூட வாழக்கூடிய உயிர். நஷ்டம் எண்பது பவுண்ட் என்று போலீஸிடம் எழுதிக்கொடுத்தோம், ஆனால் அண்ணாவுக்கும் எனக்கும் அன்று ராத்திரி சாப்பாடு இறங்காததற்கு அந்த எண்பது பவுண்ட் காரணமில்லை.

சரி, பூட்டுக்கு வருகிறேன். மரப்பெட்டி விவேரியத்துக்கு முன்னால் இரண்டு கண்ணாடி ஒன்றன்மேல் ஒன்று நகரும் இல்லையா, அதற்கான பூட்டு. நகைக்கடை, மொபைல் கடை ஷோகேஸில் பார்த்திருப்பீர்கள். பல் வெட்டிய ஒரு இரும்புப் பட்டை, அதன் கொக்கி உள்கண்ணாடியின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும், பட்டை இரண்டு கண்ணாடிக்கும் நடுவே வந்து வெளிக்கண்ணாடியின் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும், அதன்மேல் உருளைப் பூட்டைத் தள்ளினால் பல் பல்லாக ஏறி வெளிக்கண்ணாடியின் ஓரத்தை முட்டி நிற்கும். எடுக்கத்தான் சாவி, பூட்டச் சாவி வேண்டாம். துளை போடத் தேவையில்லை. ஒன்று ஆறு பவுண்ட் சொச்சம், பன்னிரண்டாக எடுத்ததில் கொஞ்சம் குறைந்தது.

நல்லது என்னவென்றால், சும்மா கை வைத்து நகர்த்திப் பார்க்கிறவனை இது நிறுத்திவிடும். கடைத் திருட்டு பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான், மூன்று விநாடியில் திறக்கவில்லை என்றால் விட்டுவிட்டுப் போய்விடுவான். குழந்தைகள் கண்ணாடியைத் திறந்து பாம்பைத் தொடப் போவதும் நின்றது, அதற்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது.

இப்போது குறைகள். பூட்டை மாட்டி ஒரு வாரம் கழித்து, சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று வெளிக்கண்ணாடியை இரண்டு கையாலும் மேலே தூக்கினேன். பூட்டோடு சேர்ந்தே கழன்று வந்துவிட்டது! காரணம் பூட்டு இல்லை, பெட்டி. கண்ணாடியை மாட்டுவதற்காகவே மேல் பள்ளம் ஆழமாகவும் கீழ்ப் பள்ளம் ஆழம் குறைவாகவும் இருக்கும், மேலே ஏற்றிக் கீழே இறக்குவதுதான் முறை. மாட்டிய வழியிலேயே கழற்றவும் முடியும். கண்ணாடியை மாட்டிய பிறகு மேல் பள்ளத்தில் மிச்சமிருக்கும் இடைவெளியில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் செருகி அடைத்துவிட்டால் தூக்க முடியாது. கடையில் வெட்டி வாங்கிய பட்டை, எல்லாப் பெட்டிக்கும் சேர்த்து நான்கு பவுண்ட்கூட ஆகவில்லை. பூட்டின் அட்டையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது, சாவி. பன்னிரண்டு பூட்டுக்கும் ஒரே சாவி எண். தீனி வைக்கச் சௌகரியம் என்று சந்தோஷப்பட்டோம். இரண்டு மாதம் கழித்து இன்னும் இரண்டு பூட்டு வாங்கினால் அவற்றிலும் அதே எண், பழைய சாவியே திறந்தது. அப்படியென்றால் இதை வாங்கும் எவனிடமும் எங்கள் கடைச் சாவி இருக்கிறது என்றுதானே அர்த்தம். விலை கூடின ராயல் பைத்தான்கள் இருக்கும் இரண்டு பெட்டிக்கு மட்டும் வேறு எண் கேட்டு வாங்கி மாற்றினோம். எல்லாவற்றுக்கும் வேறு வேறு சாவி போடவும் எனக்குப் பயம், தீ பிடித்தால் புகைக்குள் நின்று பன்னிரண்டு சாவியைத் தேட முடியாது. சாவிக்கொத்து எங்கே தொங்குகிறது என்பது வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாது. இங்கே செல்லப்பிராணி விற்கும் உரிமத்திலேயே, 2018 விதிகளின்படி, வெளிக்கதவுகள் பூட்டக்கூடியவையாக இருக்க வேண்டும், சாவி வைத்திருக்கும் ஒருவர் எந்நேரமும் வந்து சேரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதே யோசனையைப் பெட்டிச் சாவிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டைவிட அதிகப் பலன் தந்தவை காசே செலவாகாத மாற்றங்கள். திருட்டு நடந்த அன்று ராத்திரி கேமரா பதிவைப் போட்டுப் பார்த்தோம். வெட்டுக்கிளி பற்றிக் கேட்ட ஆளின் முகம் தெளிவாக இருக்கிறது, கீழ்த்தட்டுப் பக்கம் குனிந்த ஆளின் முதுகுகூட இல்லை. "இவ்வளவு நாளும் கமரா எல்லாம் கல்லாப்பெட்டியைத்தான் பாத்துக்கொண்டு நிண்டிருக்கு, தம்பி" என்றார் அண்ணா. பலசரக்குக் கடைப் பழக்கம் அது, நம்மவர் நடத்தும் முக்கால்வாசிக் கடையில் அப்படித்தான் இருக்கும். ஒன்றைத் திருப்பிப் பெட்டிகள் பக்கம் வைத்தோம். குட்டிகளையெல்லாம் வாசல் பக்கத்திலிருந்து எடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் கொண்டுபோனோம். வாசல் பக்கம் இப்போது பியர்டட் டிராகன் என்ற பெரிய பல்லி இருக்கிறது, அதை யாரும் சட்டைப்பைக்குள் போட முடியாது. காலையும் கடை மூடும்போதும் தலை எண்ணுகிறோம்.

அப்புறம் போட்டோ. இதை வீட்டில் வளர்க்கிறவர்களும் செய்ய வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ராயல் பைத்தானின் உடல் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறு, நம் கைரேகை மாதிரி, இரண்டு பக்கமும் மேலிருந்தும் ஒரு தடவை எடுத்துவைத்தால் போதும். லெபர்ட் கெக்கோ அப்படியில்லை, குட்டியில் பட்டை பட்டையாக இருப்பது வளர வளரப் புள்ளியாக மாறும், அதனால் மாதத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டும். எங்களிடம் இருந்தது அது பொரித்த மூன்றாவது வாரத்துப் படம் ஒன்றுதான். பக்கத்துக் கடைகளுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் அனுப்பினோம், அந்தப் படத்தை வைத்து யாராலும் அடையாளம் சொல்ல முடியவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

பெரிய பாம்புக்கும் ஆமைக்கும் மைக்ரோசிப் போடலாம், அரிசி அளவுதான், பதினைந்து இலக்க எண். ஆனால் அந்த எண்ணை உங்கள் பெயரில் பதிந்துவைக்காவிட்டால் பிரயோசனமில்லை. ஹெர்மன் ஆமைக்கு இங்கே விற்பதற்கே சான்றிதழ் வேண்டும், சிப் போட்ட ஆமை என்றால் அந்த எண்ணும் அதில் இருக்கும், அதனால் திருடியவன் நேர்மையான கடையில் விற்க முடியாது. மடகாஸ்கரில் 1996இல் ஒரு இனப்பெருக்க மையத்திலிருந்து 75 அங்கோனோகா ஆமைகள் திருடு போயின. உலகிலேயே மிக அரிதான ஆமைகளில் ஒன்று அது. அந்த இனத்தைக் காப்பாற்றப் பாடுபடுகிறவர்கள் பிற்பாடு ஓட்டிலேயே எண்ணைச் செதுக்கத் தொடங்கினார்கள், அழகு கெட்டால் கள்ளச்சந்தையில் விலை போகாது என்று. படங்களில் அந்த ஓட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும், ஆனாலும் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன்.

சட்டத்தை நம்பி இருக்காதீர்கள். 2024இல் வந்த செல்லப்பிராணி கடத்தல் சட்டம் நாய்க்கும் பூனைக்கும்தான். பல்லியும் பாம்பும் இன்னும் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தில் ஒரு சைக்கிள், ஒரு போன் மாதிரித்தான் சேர்த்தி.

வாங்குகிறவர்களுக்கு: முதலில் உங்கள் கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். எங்கள் பெட்டியில் 4 மி.மீ., கொக்கி கொஞ்சம் ஆடியது, ஓரத்தில் மெல்லிய ரப்பர் ஒட்டிச் சரி செய்தோம். 6 மி.மீ. கண்ணாடியில் கச்சிதமாக உட்காருகிறது. ஆர்டர் போடும்போதே சாவி எண் என்ன என்று கேளுங்கள், முன்பு வாங்கியதற்கும் அதுவே என்றால் வேறு எண் கேளுங்கள். எங்களுக்குக் கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள், நான்கு நாளில் வந்து சேர்ந்தது.