கண்ணில் சொட்டு விடாமலே 'நரம்பு நார்மல்': கரையோரச் சர்க்கரைக்காரர்கள் கவனிக்க

மண்டபம் பக்கம் நடந்த ஒரு 'இலவசக் கண் முகாம்' ஒரு அம்மாவுக்குக் கொடுத்த சீட்டில் இருப்பது இவ்வளவுதான். சர்க்கரை 12 வருடம். அன்றைய அளவு 318. கண் நரம்பு, அதாவது கண்ணின் பின்பக்கத்து விழித்திரை, நார்மல். கூடவே கண்ணாடிக்கு 2,800 ரூபாய் ரசீது. அந்த அம்மாவின் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விடவில்லை, விழித்திரையைப் படம் எடுக்கவில்லை. எதைப் பார்த்து நார்மல் போட்டார்கள்?

தாடையை வைக்கச் சொல்லி உள்ளே பலூன் படம் காட்டுகிற மெஷின் பவரை அளப்பதற்கானது. விழித்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பின்பக்கத்தை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் கண் பாப்பா விரிய வேண்டும். அதற்குச் சொட்டு விட்டு 20, 30 நிமிடம் உட்கார வைப்பார்கள், பிறகு நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும். சொட்டு விடாமலே படம் எடுக்கும் ஃபண்டஸ் கேமராவும் உண்டு, அது நியாயமான சோதனைதான். அப்படியென்றால் படம் எங்கே என்று கேளுங்கள். புரை முற்றியவர்களுக்கு அந்தப் படமும் தெளிவாக விழாது.

கண்ணாடி விற்றதுதான் இன்னும் மோசம். சர்க்கரை 318-இல் நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நீர் கோத்து உப்பும், பவர் மாறும். சிலருக்குத் திடீரென்று கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க வரும், 'கண்ணு தெளிஞ்சிருச்சு' என்று சந்தோஷப்படுவார்கள்! சர்க்கரை இறங்கினால் பவர் பழையபடி திரும்பும். அது நிலைப்படச் சில வாரம் ஆகும், அதற்குப் பிறகுதான் கண்ணாடிக்கு அளவெடுக்க வேண்டும். இந்த அம்மாவுக்கு ஒரே மாதத்தில் கண்ணாடி ஒத்துவரவில்லை. கடையில் 'பவர் ஏறிருச்சும்மா' என்று இன்னொன்றைத் தலையில் கட்டினார்கள். அதற்குள் இடது கண்ணில் ரத்தம் கசிந்துவிட்டது.

சர்க்கரையால் விழித்திரை கெடும் இந்த நோயில் வலி இருக்காது, அதனால்தான் ஏமாறுகிறோம். கடைசி வரி எழுத்தைப் படிக்கிற கண்ணிலும் பின்னால் கசிவு இருக்கலாம். கடல் வெயிலில் கிடக்கிறவர்களுக்கு வெள்ளைவிழியில் சதை வளர்வது சகஜம். அதை மட்டும் காட்டி ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு, பின்பக்கத்தைப் பார்க்காமல் அனுப்புகிறவர்களும் உண்டு.

விழித்திரைச் சோதனை, டைப் 2 சர்க்கரை என்று தெரிந்த உடனேயே ஒரு தடவை, பிறகு வருடா வருடம். ஏற்கெனவே சர்க்கரை இருந்து கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்துக்குள். சீட்டில் வலது, இடது விழித்திரை தனித்தனியாகவும், அடுத்து வர வேண்டிய தேதியும் எழுதியிருக்க வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. சந்தேகமான சீட்டை அங்கே காட்டுங்கள்.

விழித்திரைக்கு லேசர் சிகிச்சை செய்தாலும் பொதுவாகப் போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் அது. கண்ணுக்குள் ஊசி போடச் சொன்னால் மருந்தின் பெயரைக் கேளுங்கள். பெவாசிஸுமாப், ரனிபிஸுமாப், அஃப்ளிபர்செப்ட் மூன்றுக்கும் விலையில் வெகு வித்தியாசம். பில்லில் இருக்கிற பெயரும், மருந்து டப்பாவின் பேட்ச் எண்ணும் உங்கள் ஃபைலில் ஏற வேண்டும். ஊசி போட்ட சில நாளில் வலி, சிவப்பு, மங்கல் வந்தால் அன்றைக்கே திரும்பிப் போங்கள்.

கருப்பு நூல் மிதந்தாலோ, திரை இறங்கின மாதிரி இருந்தாலோ அடுத்த முகாமுக்குக் காத்திருக்க வேண்டாம். சோதனைக்குப் போகும்போது துணைக்கு ஆள் வேண்டும். சொட்டு விட்ட கண்ணோடு பாம்பன் பாலத்து வெயிலில் பைக் ஓட்ட முடியாது.