மாத்திரையிலிருந்து ஜெல்லுக்கு: ஹார்மோன் சிகிச்சையும் என் பிரஷரும்

மாதவிடாய் நின்ற பிறகு வரும் அனல் வீச்சை வேலூரில் கண்டுபிடிப்பதே சிரமம். அக்னி நட்சத்திரத்தில் சத்துவாச்சாரியில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை? மார்கழிக் குளிரிலும் நடு இரவில் ஜாக்கெட் நனைந்து எழுந்தபோதுதான் மகப்பேறு மருத்துவரிடம் போனேன்.

முதலில் எழுதித் தந்தது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மாத்திரை. கர்ப்பப்பை இருப்பதால் அதன் உட்சுவரைக் காக்கப் புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் உண்டு. சில வாரங்களில் அனல் அடங்கியது, தூக்கம் வந்தது. கூடவே பிரஷரும் ஏறியது. மருந்து போட்டு 130/80 அளவில் வைத்திருந்தது, 146/92 என்று காட்டத் தொடங்கியது.

"நிறுத்திவிடுங்கள் அக்கா, புற்றுநோய் வந்துவிடும்" என்றார் எதிர்வீட்டுப் பெண். இந்தப் பயத்திற்கு வயது அதிகம். 2002-இல் அமெரிக்காவில் ஹார்மோன் சிகிச்சை பற்றிய ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதி பாதியில் நிறுத்தப்பட்ட செய்தியிலிருந்து பரவியது. அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63 என்பதும், அவர்களுக்குக் கொடுத்தது விழுங்கும் மாத்திரை என்பதும் செய்தியோடு சேர்ந்து பரவவில்லை.

மருத்துவர் சிகிச்சையை நிறுத்தவில்லை, வழியை மாற்றினார். விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதம் கூடுதலாகச் சுரக்கிறது. அதிலிருந்து உண்டாகும் பொருள் ரத்தக்குழாயை இறுக்கும், உப்பையும் நீரையும் உடலில் தேக்கும். தோலில் தடவும் ஜெல் கல்லீரலில் முதலில் இறங்காமல் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்து 2023-இல் வெளியான ஆய்வில், தோல் வழி எடுத்தவர்களைவிட மாத்திரை எடுத்தவர்களுக்கு உயர் ரத்த அழுத்த அபாயம் 14 சதவீதம் அதிகம். எல்லோருக்கும் ஏறும் என்பதல்ல, எனக்கு ஏறியது.

ஜெல்லைக் குளித்துத் துவட்டிய பின் கையில் தடவுகிறேன். காயும்வரை பேரனை மடியில் விடுவதில்லை, மருந்து அவன் மேல் ஒட்டக்கூடாது. கோடையில் வியர்வைக்கு முந்திக்கொள்ள வேண்டும், அதுதான் பெரிய தொல்லை. புரோஜெஸ்ட்ரோன் மாத்திரை தூக்கம் வரவழைக்கும் என்பதால் இரவில்தான்.

இப்போது 132/82. மே மாத அளவை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. வெயிலில் ரத்தக்குழாய்கள் விரிவதால் பொதுவாகவே பிரஷர் சற்று இறங்கும், அதை ஜெல்லின் வரவில் எழுதுவது நியாயமில்லை. மார்கழிக்கு மார்கழி ஒப்பிட்டேன். இடையில் பிரஷர் மருந்தின் அளவு மாறவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மாங்காய் ஊறுகாயும் குறையவில்லை. ஆகவே நம்புகிறேன்.

ஜெல் பிரஷருக்கான மருந்தல்ல, பிரஷர் மாத்திரை தனியாகத் தொடர்கிறது. மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்தவர்கள் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜெல்லின் விலை ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைவிட அதிகம். எங்கள் பக்கத்து மருந்துக்கடையில் இருப்பு வைப்பதில்லை, சொல்லிவைத்துத்தான் வாங்குகிறேன்.