ஆர்எக்ஸ்-8ஆ, 86ஆ? பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்போது எஞ்சினை எப்படி நம்புவது

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் இருந்துகொண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடினால், கையில் இருக்கும் காசுக்குக் கடைசியில் இரண்டு பெயர்கள் மிஞ்சும்: மாஸ்டா ஆர்எக்ஸ்-8, டொயோட்டா 86. இரண்டும் பின்சக்கர டிரைவ், இரண்டும் மேனுவலில் கிடைக்கும், வளைவில் இரண்டுமே சொன்னபடி கேட்கும். நான் வாங்கியது 86. இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். வேகமும் தோற்றமும் எனக்குக் காரணம் இல்லை. எஞ்சின்தான் காரணம்.

அழகு ஆளுக்கு ஆள் மாறும், அதில் பேச ஒன்றுமில்லை. இடவசதியில் ஆர்எக்ஸ்-8தான் மேல். முன்கதவைத் திறந்தால் பின்னால் ஒரு சின்னக் கதவும் திறக்கும், பெரியவர்கள் இருவர் உட்காரலாம். 86இன் பின்சீட்டில் பை வைக்கத்தான் முடியும். ரோட் டேக்ஸிலும் ஆர்எக்ஸ்-8க்கு லாபம். 1.3 லிட்டர் கணக்கில் வருவதால் வருடத்துக்கு 70 வெள்ளி (ரிங்கிட்), 2.0 லிட்டர் 86க்கு 379 வெள்ளி. விற்கிறவர்கள் முதலில் சொல்வதே இந்த 70 வெள்ளியைத்தான். எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவுக்கு முன்னால் அந்த மிச்சம் எந்த மூலைக்கு?

ஆர்எக்ஸ்-8இல் இருப்பது ரெனிசிஸ் என்ற ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் கிடையாது. முக்கோண ரோட்டர் இரண்டு உள்ளே சுற்றுகின்றன, ஒவ்வொரு முனையிலும் ஏபெக்ஸ் சீல் என்ற மெல்லிய பட்டை சுவரை உரசிக்கொண்டே போகிறது. அந்தப் பட்டை காய்ந்துவிடாமல் இருக்க எஞ்சினே கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை உள்ளே விட்டு எரிக்கிறது. அதனால் இதில் ஆயில் குறைவது கோளாறு இல்லை, அதன் அமைப்பே அப்படி. பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கிறவரிடம் இருந்த கார் நன்றாக இருக்கும். சர்வீசுக்கு விடும்போது மட்டும் பானெட்டைத் திறந்தவரிடம் இருந்தால் சீல் தேய்ந்திருக்கும். 2009 மாடலில் ஒரு ரோட்டருக்கு ஆயில் விடும் இடத்தை இரண்டிலிருந்து மூன்றாக்கினார்கள். பழைய மாடலை விட அது பரவாயில்லை.

நம் ஊர் ஓட்டமும் இந்த எஞ்சினுக்கு ஒத்துவராது. வீட்டிலிருந்து மார்க்கெட் ஐந்து நிமிடம், கோயில் அதைவிடப் பக்கம். ரோட்டரி எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டுச் சூடேறும் முன் அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கி பிளக் நனைந்துவிடும். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குக் கூடாரம் போட வருகிறார்கள், காரைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். நகர்த்தி உடனே அணைத்தால் மறுநாள் காலை ஸ்டார்ட் ஆகாமல் நிற்கலாம். ஆக்ஸிலரேட்டரை முழுக்க அமுக்கிக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டால் பெட்ரோல் வருவது நின்று உள்ளே காயும், அதற்கு பேட்டரியும் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் பழகிக்கொள்ளலாம். பழக முடியாதது ஒன்று உண்டு: வாங்கும் முன் இந்த எஞ்சினை யார் சோதித்துச் சொல்வது?

எங்கள் ஊரில் முப்பது வருடமாக வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் போர்மன் அண்ணனிடம் கேட்டேன். "தம்பி, இதுல வால்வே இல்ல, நான் எதைப் பாத்து உனக்கு நல்லதுன்னு சொல்றது?" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த நேர்மைக்காகவே என் காரை இன்றும் அவரிடம் விடுகிறேன். எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தை (கம்ப்ரஷன்) அளக்கும் சாதாரண கேஜ் ரோட்டரிக்குப் போதாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், மூன்றுக்கும் தனித்தனி அழுத்தம். சாதாரண கேஜ் மூன்றில் எது அதிகமோ அதைப் பிடித்துவைத்துக் காட்டும். ஒரு சீல் போயிருந்தாலும் மற்ற முகம் நன்றாக இருந்தால் முள் நல்ல எண்ணிலேயே நிற்கும். கேஜின் பக்கத்தில் இருக்கும் சின்ன ரிலீஸ் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் முள் துள்ளும். மூன்று துள்ளலும் ஒரே உயரம் என்றால் நிம்மதி. இரண்டு உயர்ந்து ஒன்று பாதியில் விழுந்தால் எஞ்சினைப் பிரித்தாக வேண்டும். போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

ஆனால் எண்ணாகக் கையில் வேண்டுமென்றால் ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டர்தான் வழி. எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், முடிவை நிமிடத்துக்கு 250 சுற்று (ஆர்பிஎம்) என்ற கணக்குக்கு மாற்றிப் படிக்க வேண்டும். அழுத்தம் 680 கேபிஏவுக்குக் கீழே இறங்கினால் மாஸ்டா கணக்கிலேயே அந்த எஞ்சின் முடிந்தது. அந்த டெஸ்டரும் அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் நம் பக்கம் சுலபத்தில் கிடைப்பதில்லை. கோலாலம்பூர் பக்கம் போக வேண்டும், 200 கிலோமீட்டருக்கும் மேல். வாங்காத காரை அவ்வளவு தூரம் கொண்டுபோக எந்தக் கடைக்காரர் விடுவார்? நான் கேட்ட ஒரு கடையில் "பஸ்பகோம் பாஸாகியிருக்கே, அப்புறம் என்ன?" என்றார்கள். பஸ்பகோம் என்பது வாகனச் சோதனை மையம். பெயர் மாற்றத்துக்கு அங்கே பார்ப்பது வேறு, கம்ப்ரஷன் அதில் கிடையாது.

டெஸ்டர் இல்லாமல் செய்யக்கூடியது இன்னொன்றும் இருக்கிறது. காரை அரை மணி நேரம் நன்றாக ஓட்டி, அணைத்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். கம்ப்ரஷன் போன ரோட்டரி குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிவிடும், சூட்டில்தான் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கடையில் இப்படிச் செய்து பார்த்தபோது ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருந்தது, எஞ்சின் பிடிக்கவில்லை. அதோடு ஆர்எக்ஸ்-8 ஆசையை விட்டேன்.

86க்கு இதைத் திருப்பிப் போட வேண்டும், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்விட வேண்டும். அதில் இருப்பது எஃப்ஏ20, சுபாருவின் பாக்சர் எஞ்சின், 1998 சிசி. நான்கு சிலிண்டரும் படுத்த வாக்கில் இருந்தாலும் பிஸ்டன் உண்டு, வால்வு உண்டு, எந்தப் போர்மனுக்கும் புரியும். கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போது (ஐடிலில்) பூச்சி கத்துவது போல ஒரு சத்தம் வரும். அது ஹை பிரஷர் பெட்ரோல் பம்ப், பயப்பட வேண்டாம். கீழேயிருந்து கனமாகத் தட்டும் சத்தம் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். ஆயில் ஃபில்டர் எஞ்சினுக்கு மேலேயே நிமிர்ந்து நிற்கும், பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும். அங்கே கசிவு, துரு, எப்போதோ மாட்டிய ஃபில்டர் என்று எது இருந்தாலும் முந்தைய ஆள் எப்படி வைத்திருந்தார் என்பது தெரிந்துவிடும்.

86இலும் ஒரு பெரிய விஷயம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. 2012, 2013இல் தயாரான எஞ்சின்களில் வால்வ் ஸ்பிரிங் உடையக்கூடும் என்று 2018இல் பல நாடுகளில் ரீகால் வந்தது, அதாவது கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள். மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது கசிவைத் தடுக்கும் பசையான சீலன்ட்டை அதிகமாகப் பூசியதால், அது பிய்ந்து ஆயில் வழியை அடைத்து எஞ்சின் போனதாகப் புகார்களும் வந்தன. ஆகவே பழைய மாடல் என்றால் சேசிஸ் நம்பரை டொயோட்டா சர்வீஸ் சென்டரில் கொடுத்துக் கேளுங்கள். வேலை நடந்திருந்தால் எங்கே, எப்போது என்ற தாளையும் கேளுங்கள். நான் 2014க்குப் பிந்தையதாகத் தேடியது இதற்காகத்தான். டர்போ மாட்டியிருந்த கார்களையும் ஒதுக்கினேன். 12.5 கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது உள்ளே அழுத்தம் ஏற்கெனவே அதிகமாக உள்ள எஞ்சினில் யார் எப்படி டியூன் செய்தார்கள் என்பதை வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

நான் ஓட்டுவது பிளஸ் ஹைவேயிலும் செம்பனை லாரி போகும் தோட்ட ரோட்டிலும்தான். செப்பாங் டிராக்கில் ஆயில் சூடேற ஏற விரட்டுகிறவர்களுக்கு இதே எஞ்சின் வேறு விதமாக நடந்துகொள்ளலாம், அதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். எனக்கு ஆயில், பிளக், பிரேக் தவிர வேறு செலவு வரவில்லை. பாகம் வேண்டுமென்றால் ஈப்போவில் முடிந்துவிடுகிறது.

விற்கும்போதும் இதே கதைதான். 86ஐ வாங்க வருகிறவர் ஊர்ப் போர்மனைக் கூட்டிவந்து ஒரு காலைப்பொழுதில் பார்த்து விலை பேசலாம். ஆர்எக்ஸ்-8க்கு வருகிறவர் எஞ்சின் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டே விலை கேட்பார். உங்கள் கார் நல்லதாக இருந்தாலும் அந்த விலைதான்.

மனம் ரோட்டரியில்தான் என்றால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், 9,000 ஆர்பிஎம் வரை அது பாடிக்கொண்டு ஏறுவது வேறு எதிலும் வராது. தினமும் ஈப்போ போய்வருகிறவர், 2009 மாடலாகப் பார்த்து, ஆறு முகத்துக்கும் எண் போட்ட கம்ப்ரஷன் தாளை விற்பவரே தந்தால் வாங்கலாம். எஞ்சினைப் பிரித்துக் கட்டும் தொகையைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தில் காரைத் தேடுங்கள். எஞ்சின் மாற்றிய கார் என்றால் எஞ்சின் நம்பரும் கிராண்ட்டில் (காரின் பதிவு ஆவணம்) உள்ள நம்பரும் ஒன்றா என்று பார்த்துவிட்டுத்தான் முன்பணம். ஹாஃப்கட் எஞ்சினை (வெட்டி இறக்குமதி செய்த பழைய காரின் எஞ்சின்) போட்டுவிட்டு ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) பதியாமல் விட்டிருந்தால் பெயர் மாற்றமே நின்றுவிடும்.