பிரெஞ்சுப் புரட்சியா, தொழிற்புரட்சியா: கட்டுரைக்கு எது?

பிரெஞ்சுப் புரட்சியை எடுத்தால் கதை தானாகவே ஓடும். 1789 ஜூலை 14இல் பாரிஸின் பாஸ்டீல் சிறைக்கோட்டை விழுந்தது, 1793 ஜனவரியில் மன்னர் பதினாறாம் லூயியின் தலை உருண்டது. சிக்கலும் அதுதான். எல்லோரும் இதே தேதிகளை அடுக்கிவிட்டு முடித்துவிடுகிறார்கள். அன்று பாஸ்டீலில் இருந்த கைதிகள் வெறும் 7 பேர் என்று தொடங்கிப் பாருங்கள். அப்புறம் எதற்காக அதைத் தாக்கினார்கள்? உள்ளே இருந்த வெடிமருந்துக்காக. கட்டுரை அங்கேயே நிமிர்ந்துவிடும். பேச்சுப் போட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம்.

தொழிற்புரட்சிக்கு அப்படி ஒரு நாள் கிடையாது; எப்போது தொடங்கியது என்பதிலேயே சண்டை. ஆனால் சமூகப் பிரச்சினையைத் தொட்டு எழுத வேண்டுமென்றால் என் ஓட்டு இதற்குத்தான். பிரிட்டனின் 1833 தொழிற்சாலைச் சட்டம் ஒன்றே போதும். நெசவாலைகளில் 9 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. சரி, 9 வயது நிரம்பிய பிள்ளைக்கு? நாளுக்கு 9 மணி நேரம் வரை உழைக்கலாம்! பட்டு ஆலைகளுக்கோ வயது வரம்பிலிருந்தே விலக்கு. இதையெல்லாம் கண்காணிக்க நாடு முழுவதற்கும் நியமிக்கப்பட்ட ஆய்வாளர்கள் 4 பேர்.